சும்மா மரம், அறுநூற்றுப் பன்னிரண்டு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். ஊசிப்பாறை காபி விவசாயிகள் சங்கத்தின் தலைவர் பெத்தணன், மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே. மேசையின் வலது முனையில், நோட்டும் இரண்டு பேனாவுமாகச் செயலாளர் சவரிமுத்து. எதிரே, சங்கத்தில் இருந்த ஒரே மெத்தை வைத்த நாற்காலியில், பூந்துணை நிறுவனத்தின் கள அலுவலர் மிருதுளா. சன்னலோரப் பெஞ்சில் உறுப்பினர் கோட்டைச்சாமி; அவர் உட்கார்ந்த பெஞ்சில் இன்னொருவருக்கு இடம் மிஞ்சாது என்பதால் தனியாக. வாசலை ஒட்டி, மிளகு மூட்டையின் மேல், பொம்மக்காள். வெளியே களத்தில் அவளுடைய காபிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. குரங்கு இறங்கினால் எழுந்து ஓட அந்த இடம்தான் தோது.

இவ்வளவையும் சவரிமுத்து நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடியில் கோடு இழுத்த பிறகுதான் தலைவர் தொண்டையைச் செருமினார். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். கோடு இழுக்காமல் பேசியது எதுவும் பேசியதாகாது என்பது சவரிமுத்தின் கட்சி.

பேச வேண்டிய பொருள் ஒன்றுதான். பூந்துணையிலிருந்து வந்த கடிதத்தைத் தலைவர் சத்தமாகப் படித்தார்.

"தங்கள் கிராமத்தில் உள்ள 'சும்மா' என்னும் மரத்தின் நாற்றுகள் நாற்பதாயிரம், வரும் பூமழைக்கு முன்பாக, சுற்றியுள்ள பதினான்கு கிராமங்களுக்கு வழங்கப்பட வேண்டும்."

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கடிதம் மாறவில்லை.

"சும்மா மரமா? நம்மூர்ல அப்படி என்ன மரம்யா இருக்கு?"

"உங்களை மாதிரிதான் தலைவரே," என்றார் கோட்டைச்சாமி. "நிக்கும். வேற ஒரு சோலியும் செய்யாது."

மிருதுளா சிரிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஐந்து மணி நேரம் மலையேறி வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"இலை எப்படி இருக்கும் சார்? வட்டமா, நீளமா?"

"ரெண்டும் இருக்கும்," என்றார் கோட்டைச்சாமி.

"பூ என்ன நிறம்?"

"அது மாசத்துக்கு ஒரு நிறம்மா," என்றாள் பொம்மக்காள், களத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

மிருதுளா அதையும் எழுதிக்கொண்டாள். சவரிமுத்தின் பேனா மட்டும் நின்றுவிட்டது. அவருக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

கீழே சமவெளியில் தேனீ அற்றுப்போய்ப் பல வருடம் ஆயிற்று. மலைக்கும் அந்த நிலை வரும் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் பூந்துணைக்காரர்கள் கம்பித்தேனீயைக் கொண்டுவந்தார்கள். உளுந்து அளவில் ஒரு பொறி. நான்கு இறக்கை, வயிற்றில் மின்கலம், காலில் மயிர். பூமழை பெய்து ஒன்பதாம் நாள் காபிச்செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மூன்றே நாளில் பூ வாடிவிடும். அந்த மூன்று நாளும் கம்பித்தேனீ பூவுக்குப் பூ போய் மகரந்தப் பொடியை மாற்றி வைக்கும். வெயில் கூடிக் கூடி மலையில் அரபிகா வகைக் காபி அழிந்து எல்லாரும் ரோபஸ்டாவுக்கு மாறியிருந்த காலம் அது. ரோபஸ்டாவுக்குத் தன் பூவின் பொடி தனக்கு ஆகாது. வேறு செடியின் பொடி வேண்டும். அதனால் ஊர் கம்பித்தேனீயை நம்பியது. நிழல்மரத்தின் கிளைகளில் அது முட்டிக்கொள்ளும் என்றார்கள். ஊர் நிழல்மரத்தையும் வெட்டியது.

வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் சவரிமுத்து. முதலில் வெட்டியதும் அவர் தோட்டத்து மரங்கள்தான். கம்பித்தேனீக்கு மின்னேற்றும் மேடை நிற்பதும் அவருடைய இரண்டு ஏக்கரில்தான்.

ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. பொம்மக்காளின் இரண்டரை ஏக்கர், ஊர்ப் பொதுக்காட்டின் அடிவாரத்தில், சரிவாகக் கிடந்தது. அங்கே வீசும் காற்றில் கம்பித்தேனீ நிற்காது. மேலே இருக்கிற பத்து ஏக்கர் காட்டில் மிச்சமிருந்த நிஜத் தேனீதான் அவளுக்குக் கதி. காடு போனால் பொம்மக்காளுக்குக் காபி இல்லை. புருஷன் போன பிறகு அந்தக் காபியைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், எந்த நிலத்தில் என்ன மரம் நிற்கிறது என்று பதிவு கேட்டுப் பூந்துணையிலிருந்து படிவம் வந்தது. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று மேலேயே அச்சடித்திருந்தது. சவரிமுத்து சுண்ணாம்பு வாளியோடு பொதுக்காட்டுக்குப் போனார். நான்கு நாள் எண்ணி, ஒவ்வொரு மரத்திலும் நம்பர் போட்டார். பல மரத்துக்குப் பெயர் தெரியவில்லை; படிவத்திலோ ஒரு நிலத்துக்கு ஒரே ஒரு பெயர் எழுதத்தான் கட்டம். வழியில் வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். "அதாண்ணே? அது சும்மா நிக்கிது," என்றார்கள். நூறு பேரைக் கேட்டாலும் அதே பதில். நிறுவனத்துக்குப் போன் போட்டபோது, "ஊர்க்காரங்க என்ன சொல்றாங்களோ அதையே எழுதுங்க சார்" என்றார்கள்.

எழுதினார். மரத்தின் பெயர்: சும்மா. எண்ணிக்கை: 612.

"மூளை இதைக் கண்டுபிடிச்சதே ஒரு பெரிய கதை சார்," என்று மிருதுளா சொல்லிக்கொண்டிருந்தாள். மூளை என்று அவள் சொன்னது நிறுவனத்தின் கணிப்பொறியை. பதினான்கு கிராமத்துக்கும் எதை நட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கும். "எல்லா ஊர்லயும் நூறு பூவுக்கு நாப்பத்தொரு காய்தான் பிடிக்குது. உங்க ஊர்ல ஒரு மூலையில மட்டும் எழுபத்திரண்டு. அங்க கம்பித்தேனீயே பறக்கல. மூளை மண்ணைப் பார்த்துச்சு, மழையைப் பார்த்துச்சு, உரத்தைப் பார்த்துச்சு. எதுலயும் வித்தியாசம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் வேற எங்கயும் இல்லாதது. சும்மா மரம்."

"அந்த மூலை என்னோடதுதான்," என்றாள் பொம்மக்காள்.

சவரிமுத்து எழுந்து நின்றார். கூட்டத்தில் எழுந்து நின்று அவர் பேசியதே இல்லை. "ஒரு திருத்தம்," என்றார்.

மிருதுளா அவர் முகத்தைப் பார்த்தாள். "இருங்க சார். முதல்ல மரத்தைக் காட்டுங்க."

*

ஏற்றத்தில் சவரிமுத்து முன்னால் போனார். நடுவில் மிருதுளா. களத்துக்குக் கோட்டைச்சாமியைக் காவல் வைத்துவிட்டுப் பொம்மக்காளும் பின்னால் வந்தாள்.

முதல் நம்பர் ஒரு நாவல் மரத்தில் இருந்தது. இரண்டு, அத்தி. மூன்று, அயனி. நாலாவது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. வாடாமல்லி நிறத்தில் பூத்திருந்தது, அதில் நாலைந்து வகை ஈயும் வண்டும் மொய்த்துக்கொண்டிருந்தன. மிருதுளா நம்பரைப் பார்ப்பதும் மரத்தைப் பார்ப்பதுமாக நடந்தாள். முன்னூற்று நாற்பதில் நின்றாள். அதில் இலையே இல்லை.

"சார், இது பட்ட மரம்."

"ஆமாம்மா. பட்ட மரம் இருபத்தெட்டு. அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன். விடக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

"இதுவும் சும்மாவா?"

"இதுதான் ரொம்ப சும்மா," என்றாள் பொம்மக்காள். மரத்தின் பொந்தருகே கை வைத்தாள். மெழுகால் ஆன சின்னக் குழாய் ஒன்று பொந்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. கொசு அளவில் கறுப்பாகச் சில வெளியே வந்து, கையைச் சுற்றிவிட்டு உள்ளே போயின. "கொசுத்தேனீ. கொட்டாது, பயப்படாதம்மா. என் செடியில பாதிப் பூவை இதுகதான் பாக்குது. மிச்சம் பாறையில தொங்குற மலைத்தேனீ. இந்த மரத்தை வெறகுக்கு வெட்டணும்னு தலைவர் எத்தனை தடவை சொன்னாரு தெரியுமா?"

"காபி மூணு நாள்தானே பூக்கும்? மிச்ச நாள்?"

"அதைத்தாம்மா நான் ஆறு வருசமா இவர்கிட்ட கேட்டேன். மூணு நாள் விருந்துக்கு வர்றதுக மிச்ச நாளெல்லாம் எங்க சாப்பிடும்? காபிக்கு முன்னாடி இலவு. காபி முடிஞ்சா நாவல். அப்புறம் இந்தப் பேர் தெரியாதது. ஆடியில கீழ கெடக்குற களைச்செடி. ஒண்ணு முடிய இன்னொண்ணு. ஒரே மரமா நட்டா ஒரே மாசம்தான் சோறு."

மிருதுளா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். படிவத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கம்பித்தேனீ ஏன் நாப்பத்தொண்ணுல நிக்குதுன்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். அது ரொம்ப ஒழுங்கு. வரிசையில முதல் செடி, ரெண்டாவது செடின்னு போகும். பக்கத்துப் பக்கத்துச் செடியெல்லாம் ஒரே தாய்ச்செடியோட பதியன். பொடி மாறியும் மாறாத மாதிரிதான். நிஜத் தேனீ அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு தாறுமாறா போகுது. அதனாலதான் பிடிக்குது."

சவரிமுத்து தன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். ஓரத்தில் கோடு, பக்க எண், வரிசை எண். மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பிழை என்னோடது. திருத்தக் கடிதம் எழுதித் தந்துடறேன். சும்மான்னு ஒரு மரம் இல்லைன்னு."

"எழுதினா என்ன ஆகும்னு சொல்லவா? பதிவு அழிஞ்சுடும். பதிவு இல்லாத இடத்தை மூளை காலி இடம்னு எடுத்துக்கும். காலி இடத்துல ரெண்டாவது மேடை. வெட்டுற ஆளுங்க வத்தலக்குண்டுல தயாரா இருக்காங்க. பூமழைக்கு முன்னாடி முடிச்சுடுவாங்க."

"எழுதலைன்னா?"

"நாற்பதாயிரம் நாற்று வேணும். சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் இங்க இருக்கிறதெல்லாம் பிடுங்கினாலும் பத்தாது. பிடுங்கத்தான் செய்வாங்க."

பொம்மக்காள் சவரிமுத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சற்று வசதியாக இருந்திருக்கும்.

"ஏன் செயலாளரண்ணே," என்றாள். "ஒரு வார்த்தை. இங்கிட்டுப் போனாலும் வெட்டு, அங்கிட்டுப் போனாலும் வெட்டு. எழுதத் தெரியாதவன் எழுதியிருந்தாக்கூட இப்படி மாட்டிக்கிட்டிருக்க மாட்டான்."

மிருதுளா எழுந்து உடையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

"மூணாவதா ஒண்ணு இருக்கு சார். சாகுபடிக் குறிப்பு. ஒரு மரத்தை எப்படி வளர்க்கணும்னு அந்த ஊர் வல்லுநர் எழுதிக் கொடுத்தா மூளை அதை அப்படியே கேட்கும், நாற்று உத்தரவைக்கூட மாத்திக்கும். ஊர்க்காரங்க பேர்ல யார் யாரோ பொய்யாத் தட்டி அனுப்பி ஒரு தடவை பெரிய ரகளை ஆனதால, கையால எழுதி, கையெழுத்துப் போட்டு, தபால்லதான் வரணும். சும்மா மரத்துக்கு வல்லுநர்னு உங்க பேர்தான் பதிவாகியிருக்கு."

"நான் பொய் எழுத மாட்டேம்மா."

"நான் எழுதச் சொல்லலையே சார். கடைசிப் பத்தியை மட்டும் நல்லாப் படிச்சுட்டு எழுதுங்க." ஒரு வெற்றுப் படிவத்தைக் கொடுத்தாள். "நான் இன்னைக்கு மரத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் அறிக்கை. அது உண்மைதானே?"

*

மறுநாள் மதியம் சங்கத்தில் சவரிமுத்து மட்டும் இருந்தார். மேசையில் படிவம், நாலு வெள்ளைத்தாள், அடிமட்டம். பொம்மக்காள் வந்து அதே மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, வந்தாள்.

"என்ன எழுதப் போறீங்கன்னு பாக்காம எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளல."

"அனுப்புநர் பெறுநர் எழுதிட்டேன்."

"அது ஒரு மணி நேர வேலையாண்ணே?"

அவர் ஒவ்வொரு கட்டமாக எழுதி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். படித்தால்தான் பொய் இருக்கிறதா என்று காதுக்குத் தெரியும்.

"மரத்தின் பெயர்: சும்மா. நாற்று: எடுக்கக் கூடாது. ஓரிடத்திலிருந்து பிடுங்கி இன்னோர் இடத்தில் நட்டால் அது சும்மாவாக இராது."

"சரிதான்," என்றாள் பொம்மக்காள்.

"நடும் முறை: நட வேண்டாம். ஊருக்கு இரண்டு ஏக்கருக்குக் குறையாத இடத்தை விட்டுவிட்டால் தானாக வரும். பறவை, வௌவால், காற்று ஆகியவை விதை கொண்டுவரும். இடைவெளி: அதன் இஷ்டம்."

"இஷ்டம்னு எழுதலாமாண்ணே ஆபீஸ் கடுதாசியில?"

"அதுதானே உண்மை?" கொஞ்சம் யோசித்து, 'இஷ்டம்' என்பதை அடித்து 'விருப்பம்' என்று எழுதினார். "உரம்: இல்லை. பூச்சிமருந்து: அடித்தால் பலன் போய்விடும். களையெடுப்பு: கூடாது. பட்ட மரம்: அகற்றக் கூடாது, அதுவும் பலன் தரும் பருவமே. கம்பித்தேனீ: இம்மரங்களுக்குள் பறக்க விடக் கூடாது. பலன்: இம்மரம் நிற்கும் நிலத்தில் கிடைக்காது, பக்கத்து நிலத்தில் கிடைக்கும். முழுப் பலனுக்கு ஏழு வருடம்."

"ஏழா?"

"மரம் தானா முளைச்சுப் பூக்க ஏழு வருசம் ஆகும்தான். ஆறுன்னு எழுதட்டுமா?"

"வேணாம். ஏழே இருக்கட்டும்."

பேனா கடைசிப் பத்திக்கு வந்து நின்றது. அவர் அதை ராத்திரி நாலு தடவை படித்திருந்தார். இப்போது அவளுக்காக ஐந்தாம் தடவை படித்தார். "குறிப்பு தருபவர், குறிப்பில் கூறியபடி, தம் சொந்தப் பட்டா நிலத்தில் இம்மரத்தைச் சாகுபடி செய்துகொண்டிருக்க வேண்டும். தான் செய்யாததைச் சொல்பவர் வல்லுநர் ஆகார்."

களத்தில் காய் கிளறும் சத்தம் கேட்டது. யாரோ வீட்டு ஆடு கத்தியது.

"பொதுக்காடு உங்க நிலம் இல்லையே," என்றாள் பொம்மக்காள்.

"இல்ல."

"அப்ப இம்புட்டும் செல்லாதா?"

சவரிமுத்து எழுதினார். நிறுத்தி நிதானமாக, எப்போதும் போல எழுத்துக்கு எழுத்து ஒரே உயரத்தில். சர்வே எண். பரப்பு: இரண்டு ஏக்கர். பயிர்: சும்மா. சாகுபடி தொடங்கிய நாள் என்ற இடத்தில் இன்றைய தேதி. தற்போதுள்ள கட்டுமானம் என்ற இடத்தில், 'கம்பித்தேனீ மேடை ஒன்று. சாகுபடிக்கு இடைஞ்சல். அகற்றித் தரவும்.'

பொம்மக்காள் எழுந்து வந்து மேசைமேல் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். சர்வே எண் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மேடை நிற்கிற நிலம் எதுவென்று ஊருக்கே தெரியும்.

"உங்க காபி?"

"நேத்து சாயங்காலம் தண்ணி வுடறதை நிறுத்திட்டேன். இன்னைலேருந்து அங்க எனக்கு வேலை இல்ல. நாளைக்கு யாராவது வந்து பாத்தாலும் எழுதினபடிதான் இருக்கும்."

"ஏழு வருசம் எதைத் திம்பீங்க?"

"உனக்குக் காய் பறிக்க ஆள் கெடைக்கலைன்னு சொல்லிக்கிட்டிருந்தியே."

பொம்மக்காள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அறுபத்திரண்டு வயசு, இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா.

"எனக்கு வேகமாப் பறிக்கிற ஆள் வேணும்ணே. நீங்க ஒவ்வொரு காயா எண்ணுவீங்க."

"எண்ண மாட்டேன்."

"நோட்டு எடுத்துட்டு வரக் கூடாது."

இதற்கு அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தாளை மூன்றாக மடித்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, நகத்தால் அழுத்தி. உறைக்குள் வைத்தார். சங்கத்துக் கோந்து பாட்டிலைக் கவிழ்த்தார். போன வருடமே காய்ந்து கல்லாகியிருந்தது.

"சின்ன நோட்டு," என்றார்.

பொம்மக்காள் தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றில் நாலு பருக்கையை எடுத்து உறையின் வாயில் வைத்து நசுக்கினாள். "சின்னதுன்னா எம்புட்டு சின்னது?"

"சட்டைப் பைக்குள்ள போறது."

"வரட்டும். மழைக்கு நனைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

உறையின் வாயைச் சவரிமுத்து அடிமட்டத்தால் தேய்த்து ஒட்டினார். பதிவு நோட்டில் கடித எண் போட்டார். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். இரண்டரை மணி பஸ் வழக்கம் போல இரண்டு ஐம்பதுக்கு வந்தது. ஊசிப்பாறைத் தபாலெல்லாம் கண்டக்டர் கையில்தான் வத்தலக்குண்டுக்கு இறங்கும். கண்டக்டர் உறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான். ஒட்டிய இடத்தில் ஒரு பருக்கை பிதுங்கியிருந்தது.

"என்னண்ணே, முக்கியமான கடுதாசியா?"

சவரிமுத்து கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"சும்மாதான்," என்றார்.

கண்டக்டர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு விசில் ஊதினான்.